நீர் சுமந்தவரும் களம் சுற்றியவரும்: மிதிவண்டிப் பந்தய ஆவணப்படங்களிலிருந்து பாறசாலை எல்லைக் கிராமங்களை நோக்கி

1976 ஏப்ரல் 11, ஞாயிற்றுக்கிழமை. வட பிரான்சின் கல்பாவிய வழிகளில் ஆண்டுதோறும் நடைபெறும் பாரிஸ்–ரூபே மிதிவண்டிப் பந்தயத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த மார்க் தெமெயர் வென்றார். அவர் தம் அணியின் தலைவர் அல்லர். ஃப்ரெடி மார்டென்ஸ் என்னும் நட்சத்திர வீரருக்கு முன்னே சென்று காற்றைத் தாங்குவதும், நீரும் உணவும் கொண்டுவந்து கொடுப்பதும், தலைவரின் வெற்றிக்காகத் தம் வலிமையைச் செலவிடுவதுமே அவருக்குரிய பணிகள். அன்று மார்டென்ஸ் வழியில் விழுந்து பந்தயத்திலிருந்து விலக நேர்ந்தது. துணைநின்றவர் முன்னே வந்தார். ரூபே நகரின் ஓடுகளத்தில் மோசர், தெ ஃபிளேமிங்க், கைப்பர் ஆகிய மூவரையும் இறுதி விரைவோட்டத்தில் பின்தள்ளினார். 1982இல், 31ஆம் வயதில், மாரடைப்பால் தெமெயர் இறந்தார். பந்தய வரலாற்றின் பெரும் பெயர்களுள் ஒன்றாக எண்ணப்படாத அவரது முகம் இன்றும் உலகெங்கும் பார்க்கப்படுவதற்குக் காரணம், அன்றைய பந்தயத்தை டென்மார்க்கின் கவிஞரும் இயக்குநருமான யோர்கன் லெத் படமாக்கியிருந்தார் என்பதே.

அதே 1970களில், திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் உள்ள ஊர்களுக்கு மிதிவண்டி ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்ட வேறொரு பிரிவினர் வந்து சென்றனர். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, வெள்ளறடை, பனச்சமூடு என நீளும் இவ்வெல்லை வட்டாரத்தில், அறுவடை முடிந்த வயலிலோ கோயில் மைதானத்திலோ அவர்கள் நாள்கணக்கில் வண்டியைவிட்டு இறங்காமல் சுற்றினர். மலையாளத்தில் அதற்குச் சைக்கிள் யஜ்ஞம் என்று பெயர். தமிழில் சைக்கிள் சுற்றுவது, சைக்கிள் வித்தை என்றெல்லாம் வழங்கினர். கண்டவர்களின் நினைவில் காட்சி இருக்கிறது. ஓட்டியவரின் பெயர் பெரும்பாலும் இல்லை.

ஐரோப்பியப் பந்தயத்தில் நீர் சுமந்தவருக்கு வரலாற்றில் ஓர் இடம் எவ்வாறு கிடைத்தது, நம் ஊர்க் களத்தைச் சுற்றியவருக்கு அது ஏன் கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா.

1. எழுத்திலிருந்து பிறந்த பந்தயம்

நெடுஞ்சாலை மிதிவண்டிப் பந்தயத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதை முழுமையாகப் பார்க்கக்கூடிய பார்வையாளர் எவரும் இல்லை. சாலையோரத்தில் மணிக்கணக்கில் காத்திருப்பவருக்குக் கிடைப்பது சில விநாடிக் காட்சி மட்டுமே. நூற்றுக்கணக்கான கிலோமீட்டரில் நடந்தவற்றை ஒருவர் தொகுத்துச் சொன்னால்தான் பந்தயம் பந்தயமாகிறது. எனவே அதன் தோற்றத்திலேயே எழுத்து இணைந்திருந்தது.

பிரெஞ்சுச் சுற்றான தூர் த பிரான்ஸ் 1903 ஜூலையில் தொடங்கியது. அதை நடத்தியது லோத்தோ என்னும் விளையாட்டு நாளிதழ். போட்டி இதழை வீழ்த்தி விற்பனையைப் பெருக்க வேண்டிய நெருக்கடியில், இளம் செய்தியாளர் ழியோ லெஃபெவ்ர் முன்வைத்த யோசனையை ஆசிரியர் ஆன்ரி தெகிராஞ் ஏற்றுக்கொண்டார். 6 கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். புறப்பட்டோர் 60 பேர், முடித்தோர் 21 பேர். வென்றவர் மொரிஸ் காரன். இதழின் விற்பனை இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. 1919இல் அறிமுகமான மஞ்சள் மேலாடை, அந்நாளிதழ் அச்சிடப்பட்ட மஞ்சள் தாளை நினைவூட்டுவது. ஒரு செய்தித்தாள் தனக்கு வேண்டிய செய்தியைத் தானே உருவாக்கிக்கொண்டது என்று இதைச் சுருக்கலாம்.

பந்தயத்தை உழைப்பாகப் பார்க்கும் பார்வையும் இதழியலிலிருந்தே வந்தது. 1924இல் பெலிசியே சகோதரர்கள் அமைப்பாளர்களின் கடுமையான விதிகளை எதிர்த்துப் பாதியில் விலகியபோது, அல்பேர் லோந்த்ர் என்னும் செய்தியாளர் அவர்களைச் சந்தித்து எழுதினார். பிரெஞ்சு கயானாவின் தண்டனைக் குடியிருப்புகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றிருந்தவர் அவர். பந்தய வீரர்களைச் சாலையின் தண்டனைக் கைதிகளாக உருவகிக்கும் வழக்கு அவர் பெயரோடு நிலைத்துவிட்டது. ஆவணப்படக்காரர்கள் பின்னர் எடுத்துக்கொண்ட பொருளும் இதுவே: வெற்றியைக் காட்டிலும் அதற்குச் செலவாகும் உடல்.

2. வென்றவரிலிருந்து சுமந்தவருக்கு

லூயி மாலின் 'விவ் லெ தூர்' 1962ஆம் ஆண்டுப் பந்தயத்தைப் பதிவுசெய்த, ஏறத்தாழ 18 நிமிடமே ஓடும் குறும்படம். யார் வென்றார் என்பதில் அதற்கு அக்கறை குறைவு. வீரர்கள் வழியிலுள்ள சிற்றுண்டிச் சாலைகளுக்குள் பாய்ந்து குளிர்பானப் புட்டிகளை அள்ளிவருவது, ஓட்டியபடியே இயற்கை உபாதையைத் தீர்த்துக்கொள்வது, விழுந்து காயமுறுவது, ஊக்கமருந்தின் மயக்கத்தில் தள்ளாடுவது என உடலின் தேவைகளே அதன் காட்சிகள். 1965இல் கிளாட் லெலூஷ் 'புர் அன் மய்யோ ழோன்' படத்தை எடுத்தார். 1974இல் ஷோயல் சாந்தோனியின் 'லா கூர்ஸ் ஆன் தெத்' எடி மெர்க்ஸ் என்னும் மாபெரும் வெற்றியாளரை மையமாக்கியது.

அதே 1974இல் வெளிவந்த லெத்தின் படம் பார்வையைத் திருப்பியது. 1973ஆம் ஆண்டு இத்தாலியச் சுற்றைப் பற்றிய அப்படத்தின் பெயர் 'நட்சத்திரங்களும் நீர் சுமப்போரும்'. மெர்க்ஸ் முதல் நாள் தொடங்கி இறுதிவரை முன்னிலை வகித்த பந்தயம் அது. முடிவில் வியப்பு ஏதுமில்லை. ஆயினும் தலைப்பிலேயே நட்சத்திரத்துக்கு இணையாக நீர் சுமப்பவர் நிறுத்தப்பட்டார். 1977இல் வெளிவந்த 'நரகத்தில் ஒரு ஞாயிறு' இருபதுக்கும் மேற்பட்ட கேமராக்களையும் ஹெலிகாப்டரையும் கொண்டு ஒரே நாளைப் பதிவுசெய்தது. டேனிய மூலத் தலைப்பின் பொருள் 'நரகத்தில் ஒரு வசந்த நாள்' என்பது. வண்டியின் பாகங்களைத் துடைத்துச் செப்பனிடும் தொழிலாளியின் கைகளில் படம் தொடங்குகிறது. புழுதி படிந்த வீரர்கள் ரூபே குளியலறையில் உடல் கழுவும் காட்சிகளை நோக்கிச் செல்கிறது. இடையில் அச்சுத் தொழிலாளர்களின் போராட்டம் பந்தயத்தை நிறுத்துவதும் இடம்பெறுகிறது. பந்தயத்தைப் பலரின் உழைப்பாகக் காணும் ஒரு படத்தில், தற்செயலாகவேனும், துணைநின்றவரே வென்றார்.

இப்பணியாளரைச் சுட்டும் சொற்கள் மொழிக்கு மொழி வேறுபடுவது நோக்கத்தக்கது. பிரெஞ்சு மொழியின் 'தொமெஸ்தீக்' வீட்டு வேலையாளைக் குறிப்பது. 1911இல் மொரிஸ் ப்ரோக்கோ என்பவர் பிற வீரர்களுக்குத் தம் உதவியை விற்றதாகக் கருதிய தெகிராஞ் அவரை இழிவுபடுத்தப் பயன்படுத்திய சொல் அது. டச்சு மொழியின் 'க்னெக்ட்' என்பதும் ஏவலாளையே குறிக்கும். இத்தாலிய மொழியின் 'கிரெகாரியோ' மந்தை என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்து, சாதாரணப் படைவீரனைச் சுட்டி, பின் பந்தயத்துக்கு வந்தது. டேனிய மொழி செய்யும் வேலையைக் கொண்டு பெயரிட்டது: நீர் சுமப்பவர். வசைச்சொல் ஒன்று தொழிற்பெயராகி, பிறகு மதிப்புக்குரிய படத் தலைப்பாக உயர்ந்த இப்பாதை அரை நூற்றாண்டுக்கும் மேல் நீண்டது. 2017இல் லிதுவேனிய இயக்குநர் அருனாஸ் மாடெலிஸ், இத்தாலியச் சுற்றின் துணைவீரர்களையும் அவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களையும் மட்டுமே மையமாக வைத்து ஒரு முழுநீள ஆவணப்படம் எடுத்தார்.

3. கேமரா காணாதவை

ஆவணப்படம் என்பதாலேயே அது மெய்யின் முழுமையாகிவிடாது. ஜெர்மானிய இயக்குநர் பெப்பே டான்குவார்டின் 'ஹோலன்டூர்' (2004), தூர் த பிரான்சின் நூற்றாண்டான 2003இல் டெலிகோம் அணியோடு பயணம் செய்தது. எரிக் சாபெல், ரோல்ஃப் ஆல்டாக் ஆகியோரின் அறைக்குள்ளும், உடலைப் பிடித்துவிடும் மேசைக்கு அருகிலும் கேமரா இருந்தது. 2007 மே மாதத்தில் இருவரும் 1990களில் ஊக்கமருந்து பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டனர். 2013இல் சாபெல் தம் பயன்பாடு முன்பு சொன்னதைவிட நெடுங்காலம் நீடித்ததாகவும் கூறினார். வீரரின் களைப்பையும் வலியையும் அருகிருந்து காட்டிய படம் இதைக் காணவில்லை.

அலெக்ஸ் கிப்னியின் பட்டறிவு இன்னும் வெளிப்படையானது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2009இல் மீண்டும் பந்தயத்துக்குத் திரும்பியதைப் படமாக்கத் தொடங்கியவர் அவர். 2012இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் அறிக்கையும், 2013 ஜனவரியில் ஆம்ஸ்ட்ராங்கின் தொலைக்காட்சி ஒப்புதலும் அப்படத்தின் அடித்தளத்தைத் தகர்த்தன. எடுத்த காட்சிகளை மறுபடி வாசித்து 'தி ஆம்ஸ்ட்ராங் லை' (2013) என்னும் வேறொரு படத்தை அவர் உருவாக்கினார். அதே காட்சி, அதே முகம். பொருள் மட்டும் தலைகீழாயிற்று.

பதிவு இருந்தால்தான் இத்தகைய மறுவாசிப்பு இயலும். தவறான பதிவைப் பின்வந்தோர் திருத்தலாம். பதிவே இல்லாததைத் திருத்த வழியில்லை.

4. வட்டக்களத்தின் வரலாறு

தொழில்முறை மிதிவண்டி ஓட்டத்தின் வரலாறு நெடுஞ்சாலையோடு முடிவதில்லை. அதற்கு முன்பே மூடிய களம் இருந்தது. 1878இல் டேவிட் ஸ்டான்டன் என்னும் தொழில்முறை வீரர், 6 நாள்களில் 1,000 மைல் ஓட்டிக் காட்டுவதாகப் பந்தயம் கட்டி, லண்டன் இஸ்லிங்டனில் உள்ள வேளாண் மண்டபத்தில் அதை நிறைவேற்றினார். அதே ஆண்டில் அங்கேயே பலர் பங்கேற்ற ஆறு நாள் பந்தயமும் நடைபெற்றது. ஞாயிறு ஓய்வு நாள் என்பதால் ஏழாவது நாள் விலக்கப்பட்டது. அளவு ஆறு நாளாக நின்றது.

1891 முதல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் இது பெருங்கூட்டத்தை ஈர்த்தது. உறக்கமின்றி ஓட்டி மனம் பேதலிக்கும் நிலைக்கு வந்த வீரர்களைப் பார்க்கவே மக்கள் சீட்டு வாங்கினர். எதிர்ப்பு வலுக்க, 1898இல் நியூயார்க் மாநிலம் ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது எனச் சட்டம் இயற்றியது. அமைப்பாளர்கள் இருவர் கொண்ட அணிகளை அமைத்தனர்; ஒருவர் ஓய்வெடுக்க மற்றவர் ஓட்டினார். இன்றைய ஒலிம்பிக்கில் இடம்பெறும் 'மேடிசன்' பந்தயப் பிரிவு அவ்வரங்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உடலை வருத்தும் காட்சியொன்று சட்டத்தின் தலையீட்டால் விதிகள் கொண்ட விளையாட்டாக மாறிய வரலாறு இது.

இவ்வரலாற்றை அறிந்தவருக்குத் தென்திருவிதாங்கூரின் மைதானக் காட்சி புதிராகத் தோன்றாது. நாள்கணக்கான ஓட்டம், உறக்கமின்மை, சுற்றிலும் கூட்டம், உடலின் எல்லையே காட்சிப்பொருள் என்னும் கூறுகள் இரண்டுக்கும் பொது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. மிதிவண்டி என்னும் எந்திரமும், வறுமையும், வேடிக்கை பார்க்கும் கூட்டமும் ஓரிடத்தில் சேரும்போது இத்தகைய வடிவம் தோன்றுவது இயல்பே.

5. எல்லைக் கிராமங்களின் சைக்கிள் யஜ்ஞம்

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலச் சீரமைப்பின்படி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய தாலுகாக்களுள் ஒன்றான நெய்யாற்றின்கரை, பாறசாலை உட்பட, கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு வருவாய்க் கோப்புகளையும் பள்ளிப் பாடநூல்களையும் பிரித்தது. சந்தை, திருமண உறவு, கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள், ஊர்சுற்றிக் கலைஞர்கள் ஆகியவை அதைக் கடந்தே இயங்கின.

இவ்வட்டாரத்தின் பேச்சில் மிதிவண்டி ஓட்டுவதற்கான வினைச்சொல்லே ஒரு சான்று. மலையாளத்தில் சைக்கிள் 'சவிட்டுவார்கள்'. குமரி மாவட்டத் தமிழிலும் காலால் மிதிப்பதற்குச் 'சவுட்டு' என்னும் வடிவம் வழங்குகிறது. தமிழும் மலையாளமும் கலந்த பனுவல்களைக் கொண்ட சவிட்டு நாடகத்தின் பெயரிலும் இவ்வினையே உள்ளது. 'ஓட்டு' என்னும் பொதுத்தமிழ் வினை வண்டியின் இயக்கத்தைச் சுட்ட, 'சவிட்டு' காலின் உழைப்பைச் சுட்டுகிறது. இலக்கியத் தமிழின் 'மிதிவண்டி' என்னும் சொல்லிலும் இப்பொருள் உண்டு. இலங்கைத் தமிழின் 'துவிச்சக்கர வண்டி' சக்கரங்களை மட்டுமே எண்ணியது.

விடுதலைக்குப் பின் மிதிவண்டி உள்நாட்டிலேயே பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியது. சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் நிறுவப்பட்டது. லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் 1956இல் தொடங்கியது. சொந்த வண்டி வாங்க இயலாதவர்களுக்கு மணிக்கணக்கு வாடகைக் கடைகள் இருந்தன. எல்லோரும் ஓட்டத் தெரிந்த ஒரு வண்டியில் எவராலும் இயலாததைச் செய்து காட்டுவதே சைக்கிள் யஜ்ஞத்தின் ஈர்ப்பு. யானையும் கூடாரமும் கொண்ட சர்க்கஸுக்குப் பெருமுதலீடு வேண்டும். இதற்கு ஒரு பழைய வண்டியும் ஓர் ஒலிபெருக்கியும் போதும்.

அதன் வழக்கமான வடிவம் இது. மைதானத்தின் நடுவே ஒரு கம்பம் நடப்படும். அதைச் சுற்றி வட்டப்பாதை. ஓட்டுபவர் அறிவித்த நாள்கள், பெரும்பாலும் ஒரு வாரம், வண்டியிலிருந்து கால் ஊன்றாமல் சுற்றுவார். உண்பதும் குளிப்பதும் உடை மாற்றுவதும் வண்டியின் மீதே. பகலில் கூட்டம் குறைவு. மாலையில் விளக்கேற்றியதும் ஊர் திரளும். தரையில் கிடக்கும் நாணயத்தைக் குனிந்து எடுத்தல், பின்னோக்கி அமர்ந்து ஓட்டுதல், மார்பில் குழல்விளக்குகளை உடைத்தல், கனத்த கல்லைத் தூக்குதல், மண்ணுக்குள் புதைந்து எழுதல் எனச் சாகசங்கள் தொடரும். இடையிடையே திரைப்பாடல் இசைத்தட்டுகளுக்கு ஆடும் ரெக்கார்டு டான்ஸும் கோமாளியின் வேடிக்கையும் உண்டு. நுழைவுச் சீட்டு கிடையாது. விரித்த துணியில் விழும் சில்லறை, சேவலையோ வாழைக்குலையையோ ஏலமிட்டுத் திரட்டும் தொகை, இறுதி நாளில் ஊர்ப் பெரியவர்கள் அணிவிக்கும் நோட்டு மாலை ஆகியனவே வருவாய்.

இரவில் எல்லோரும் உறங்கிய பின் அவர் இறங்கிவிடுகிறாரா என்னும் ஐயம் ஊரில் எப்போதும் இருந்தது. அதைச் சோதிக்க நள்ளிரவில் சென்று பார்ப்பதும் காட்சியின் ஒரு பகுதியாகவே அமைந்தது. தூர் த பிரான்ஸ் வீரரின் உடலில் என்ன ஓடுகிறது என்று ஐயுற்ற பார்வையாளருக்கும், பாறசாலை வயலில் நடுநிசியில் நின்று பார்த்தவருக்கும் அடிப்படை வினா ஒன்றே: கண்ணால் காணும் இத்துன்பம் உண்மைதானா?

வேறுபாடு மற்றோர் இடத்தில் உள்ளது. பிரெஞ்சுப் பந்தயத்தைச் செய்தித்தாள் நடத்தியது. எனவே ஒவ்வொரு நாளும் எழுத்தாக எஞ்சியது. சைக்கிள் யஜ்ஞத்தை நடத்தியது ஒலிபெருக்கி. எத்தனையாவது மணி நேரம், எத்தனை நாள் எஞ்சியுள்ளது, ஓட்டுபவர் எந்த ஊரார், எவ்வளவு காசு சேர்ந்தது என்பனவற்றையெல்லாம் அறிவிப்பாளர் இடைவிடாது சொல்லிக்கொண்டிருந்தார். தெகிராஞ்சும் லோந்த்ரும் எழுத்தில் செய்ததை அவர் குரலில் செய்தார். குழு அடுத்த ஊருக்குப் போனதும் அக்குரலும் போயிற்று. நம் களத்தின் காப்பகம் காற்றில் கரைந்ததற்கு அதன் ஊடகமே முதற்காரணம்.

6. யஜ்ஞமும் இயக்கமும்

பெயரிடுதலும் ஒரு காரணம். பாகவத சப்தாகம் போன்ற ஏழு நாள் சடங்குகளோடு தொடர்புடைய 'யஜ்ஞம்' என்னும் சொல் மலையாளத்தில் விரிந்து, பலர் கூடி நோற்கும் தொடர்முயற்சி எதையும் குறிக்கலாயிற்று. தூய்மைப் பணியும் யஜ்ஞம். எழுத்தறிவுப் பணியும் சாட்சரதா யஜ்ஞம். 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாகக் கோழிக்கோட்டில் அறிவிக்கப்பட்டது இத்தகைய யஜ்ஞத்தின் முடிவில்தான். வயலில் வண்டி சுற்றியவரின் பணிக்கும் அதே சொல். அதில் மதிப்பு இருக்கிறது. ஓட்டத்தை நோன்பாக உயர்த்துகிறது. ஆனால் நோன்புக்குக் கூலி கேட்க இயலாது. வேலை நேரம், காயத்துக்கு இழப்பீடு, முதுமைக்கு ஆதரவு ஆகிய கேள்விகளை அச்சொல் எழவிடுவதில்லை. நியூயார்க்கில் 12 மணி நேர வரம்பைக் கொண்டுவந்தது, ஓட்டுபவரை வருந்தும் உடலாகக் கண்ட பார்வை.

தமிழ்ப் பக்கத்தின் 'வித்தை'யும் இவ்வாறே வேலையை மறைக்கிறது. வித்தை என்றதும் அது திறமையாகவோ தந்திரமாகவோ தோன்றுகிறது. ஏழு நாள் உறங்காத உடல் பின்னுக்குப் போகிறது.

எழுத்தறிவுப் பணிக்குத் தமிழ்நாடு தேர்ந்த சொல் 'இயக்கம்'. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை ஊக்குவித்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதினார். 1996இல் வெளிவந்த அவரது நூலில் அது இடம்பெற்று உலகம் அறிந்த செய்தியாயிற்று. மிதிவண்டியை மையமாகக் கொண்ட தமிழக நிகழ்வுகளுள் வரலாறாக எழுதப்பட்டது அது. அரசின் ஆதரவு, தொண்டர் வலையமைப்பு, எழுதும் ஒருவரின் வருகை ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்தன. நோட்டு மாலையோடு அடுத்த ஊருக்கு நடந்தவருக்கு அம்மூன்றும் வாய்க்கவில்லை.

7. புனைவில் மட்டும்

திரையில் இத்தகைய ஓட்டுநர் அறவே இல்லை என்பதில்லை, புனைவில் இருக்கிறார். ஈரானிய இயக்குநர் மொஹ்சென் மக்மல்பஃப் 1980களின் இறுதியில் எடுத்த 'சைக்கிள் ஓட்டுநர்' படத்தில், நோயுற்ற மனைவியின் மருத்துவச் செலவுக்காக ஆப்கானிய அகதி ஒருவர் ஏழு நாள் ஒரே வட்டத்தில் வண்டி சுற்றுகிறார். அவர் முன்னாள் பந்தய வெற்றியாளர். நெடுஞ்சாலைப் பந்தயமும் மைதானச் சுற்றும் ஓர் உடலில் சந்திக்கும் அரிய சித்திரம் அது. மலையாளத்தில் கமல் இயக்கத்தில் 1991இல் வந்த 'விஷ்ணுலோகம்' படத்தின் நாயகன் ஊர் ஊராகச் செல்லும் தெருவோர வித்தைக் குழுவைச் சேர்ந்தவன். இரண்டிலும் ஓட்டுபவர் கதைமாந்தர். மோகன்லாலின் முகம் நினைவில் நிற்கிறது. உண்மையில் ஓட்டியவர்களின் முகங்கள் அதன் பின்னே மறைகின்றன.

சுவையான ஒரு தற்செயல் நிகழ்வும் இங்குண்டு. 1962இல் பந்தய வீரர்களின் தாகத்தைப் படமாக்கிய அதே லூயி மால் 1968இல் இந்தியாவுக்கு வந்தார். அப்பயணத்தில் உருவான 'லேன்த் ஃபான்டோம்' தொடரின் ஒரு பகுதி முழுவதும் சென்னையைப் பற்றியது. மயிலாப்பூர்த் தேரோட்டமும் கலாக்ஷேத்திராவின் நடன வகுப்பும் அதில் விரிவாக இடம்பெற்றன. 1970இல் பி.பி.சி. அத்தொடரை ஒளிபரப்பியபோது இந்திய அரசு கடுமையாக எதிர்த்து, டெல்லியிலிருந்த அதன் அலுவலகத்தையே மூடச் செய்தது. இந்தியாவை எவ்வாறு காட்டலாம் என்பது பற்றி எழுந்த அப்பெரும் பூசலில் கோயில், நடனம், வறுமை ஆகியவை பேசப்பட்டன. ஐரோப்பிய மிதிவண்டி ஓட்டுநரைத் தொழிலாளியாகக் காணப் பழகிய கண்ணுக்கு இந்தியா முதலில் சடங்கின் நாடாகத் தோன்றியது. பிற்கால ஆய்வுகளும் அப்பழக்கத்திலிருந்து முழுமையாக விடுபடவில்லை. தெய்யத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் தோற்பாவைக்கூத்துக்கும் ஆய்வேடுகள் பல உள்ளன. சடங்கு வேரும் தொன்மையும் இல்லாத, திரைப்பாடலும் ரெக்கார்டு டான்ஸும் கலந்த மைதானக் காட்சி நாட்டார் கலைப் பட்டியலிலும் சேரவில்லை, விளையாட்டு வரலாற்றிலும் சேரவில்லை.

8. செய்ய வேண்டியவை

நெய்யாற்றின்கரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரத்தில், கேரள மாநிலச் சலச்சித்திர அகாதமி 2008 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவருகிறது. அந்நகரின் காரியவட்டத்தில் முறையான மிதிவண்டி ஓடுகளமும் உள்ளது. விளையாட்டாகிய மிதிவண்டிக்கும் ஆவணப்படத்துக்கும் நிறுவனங்கள் அருகிலேயே இருக்கின்றன. இல்லாதது அவ்விரண்டையும் எல்லைக் கிராமத்து வயலோடு இணைக்கும் ஆய்வு முயற்சி.

லெத்தின் படங்கள் இதற்கு ஒரு முறையியலைத் தருகின்றன. ஓட்டியவரை மட்டும் தேடினால் போதாது. பந்தயத்தைச் சாத்தியமாக்கிய கைகளை அவர் தொடர்ந்தது போல, வண்டி பழுதுபார்த்த கடைக்காரர், ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர், மைதானத்தை அனுமதித்த கோயில் குழுவினர், ஏலத்தில் சேவல் எடுத்தவர், அறிவிப்பாளர் என ஒவ்வொருவரையும் தேடிச் செல்ல வேண்டும். ரெக்கார்டு டான்ஸ் ஆடிய பெண்களின் நினைவுகள் தனிக் கவனம் கோருபவை. இழிவாகப் பேசப்பட்ட தொழில் அது என்பதால், அவர்கள் விரும்பினால் மட்டுமே பெயரும் முகமும் வெளிவர வேண்டும்; மறதியைப் போக்குகிறோம் என்று சொல்லி மறக்க விரும்புவோரை வெளியே இழுப்பது அறமன்று.

மொழியும் இங்கே தரவு. ஓட்டத்துக்கு எந்த வினைச்சொல், ஓட்டியவருக்கு எந்தப் பெயர், அறிவிப்பு எந்த ஊரில் தமிழிலிருந்து மலையாளத்துக்கு மாறியது ஆகியவற்றை எல்லையின் இருபுறமும் திரட்டினால், 1956க்குப் பிந்தைய பொதுமேடை மொழியின் வரலாறே கிடைக்கும். ஒரு மாநிலத்தின் நிறுவனம் மட்டும் செய்தால் இது பாதியாகவே முடியும். எல்லையைக் கடந்து பிழைத்தவர்களின் வரலாற்றை எல்லைக்குள் நின்று எழுத இயலாது.

காலம் குறைவு. 1975இல் 20 வயதில் களம் சுற்றியவர் இன்று உயிரோடிருந்தால் 70ஐக் கடந்திருப்பார். அவரைப் பார்த்த சிறுவர்களுக்கே 60 ஆகிறது. ப்ரோக்கோவின் மீது வீசப்பட்ட வசைச்சொல், நீர் சுமப்பவரைப் பற்றிய முழுநீளப் படமாக முதிர ஐரோப்பா எடுத்துக்கொண்ட நூறாண்டு நமக்குக் கிடையாது. முதலில் தேவைப்படுவது பெரும் பொருட்செலவில் ஒரு படமன்று. ஓட்டியவர் பெயர், ஊர், எந்த ஆண்டில் எந்த மைதானம், எத்தனை நாள் என்னும் எளிய பட்டியல் ஒன்று போதும். பாறசாலையிலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் இரு மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் அதைத் தொடங்கிவிட முடியும்.